சன்னல் பக்கம், கதவுப் பக்கம்

“இந்தக் கேஸ நான் பண்றேன் சார்.”

கேட்டுவிட்டேன். இந்த ஆஸ்பத்திரியில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், இதைக் கேட்கக் கூடாது. சேர்ந்த முதல் நாளே தியேட்டர் சிஸ்டர் சித்ரா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். “லீவு கேளுங்க டாக்டர், குவார்ட்டர்ஸ் கேளுங்க, புது ஷூ கூட கேளுங்க. கேஸ மட்டும் கேட்டுடாதீங்க. அவரா குடுக்கிற வரைக்கும் கேமராவப் புடிச்சிக்கினு நில்லுங்க.”

இரண்டு வருடமாக நின்றுகொண்டிருந்தேன்.

துளை ஆபரேஷனில் வயிற்றைக் கிழிப்பதில்லை. தொப்புளில் ஒரு துளை போட்டுக் கேமராவை இறக்கி, மேலே மூன்று துளைகளில் நீளமான கருவிகளை விட்டு, எதிரில் இருக்கும் திரையைப் பார்த்தபடி வேலை செய்ய வேண்டும். செய்கிறவருக்குக் கண் என்பது கேமரா பிடிக்கிற ஆள்தான். ஆடாமல் பிடித்தால் ஒரு வார்த்தை வராது. லேசாக ஆடினால் “திண்டிவனம் பஸ்ல நின்னுக்கிட்டு வர்றியா?” என்று கேள்வி வரும். நான் எம்.எஸ். முடித்தவள். கேமரா பிடிக்க எம்.எஸ். தேவையில்லை.

தலைமை சர்ஜன் பாண்டுரங்கன் சார் ஸ்கேன் படத்திலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்.

“எந்தக் கேஸ?”

“அம்சவள்ளி. கிளியனூர்.”

“அத நீ பண்ணப் போற.”

“ஆமா சார்.”

“ஏனாம்?”

“நான் இடக்கை சார்.”

இப்போது தலையைத் தூக்கினார்.

அம்சவள்ளிக்கு வயது நாற்பத்தொன்று. வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் எல்லாம் பக்கம் மாறி இருந்தது. இதயம் வலப்பக்கம், கல்லீரல் இடப்பக்கம், கண்ணாடியில் பார்ப்பது மாதிரி. பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு இப்படி இருக்கும் என்று படித்திருக்கிறேன், பார்த்ததில்லை. இது நோய் கிடையாது. அப்படியே பிறந்து, அப்படியே பிள்ளை பெற்று, எண்பது வயதில் யாருக்கும் தெரியாமல் செத்தும் போகலாம். வேறு ஏதாவது வந்தால்தான் வம்பு. அம்சவள்ளிக்குப் பித்தப்பையில் கல் வந்தது.

பித்தப்பைக் கல் வலப்பக்கம் வலிக்கும் என்றுதான் எல்லா டாக்டருக்கும் தெரியும். அவர் இடப்பக்கத்தைக் காட்டினார். மூன்று வருடம் காட்டினார். மூன்று வருடமும் வாய்வு என்று மாத்திரை கொடுத்தார்கள். நான் ஓ.பி.யில் அவர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தபோது இதயம் இருக்க வேண்டிய இடத்தில் சத்தம் மெலிந்து கேட்டது. ஸ்டெதஸ்கோப் கெட்டுவிட்டது என்று நினைத்துத் தட்டிப் பார்த்தேன். பிறகு வலப்பக்கம் வைத்தேன். ஜோராக அடித்தது.

அவர் கையில் திண்டிவனத்து எக்ஸ்-ரே மூன்று இருந்தன. மூன்றிலும் இதயம் இடப்பக்கம். எல்லாரையும் போல. உறையில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். டெக்னீஷியன் அலெக்ஸ் எடுத்தார்.

“கிளியனூர் அம்சவள்ளி படத்துல நீங்க எதாவது மாத்தினீங்களா?”

“ஆமா மேடம். ஹார்ட்டு அந்தப் பக்கம் விழுந்திருந்திச்சி. நான்தான் படம் பொரண்டுபோச்சுன்னு சரி பண்ணிக் குடுத்தேன். கம்ப்யூட்டர்ல ஒரு பட்டன்தான்.”

“மூணு தடவயுமா?”

“அந்தம்மா வந்தாலே படம் பொரளுது மேடம். எனக்கே பேஜாராப் போச்சி. மிஷின் கம்பெனிக்காரனக் கூப்ட்டு சண்டகூட போட்டேன்.”

சிரிப்பு வரவில்லை. மனுஷி சொன்னது சரி, மெஷின் சொன்னது சரி. நடுவில் ஒருத்தர் இரண்டையும் திருத்தியிருக்கிறார், கெட்ட எண்ணம் இல்லாமல். கெட்ட எண்ணம் இல்லாத ஆட்களால் நடக்கிற கெடுதலுக்கு யாரைத் திட்டுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அலெக்ஸைத் திட்டினேன்.

பாண்டுரங்கன் சார் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“அன்புச்செல்வி, நான் தினம் கண்ணாடியப் பாத்துத்தான் ஷேவ் பண்றேன். மூஞ்சியில எங்கயாவது வெட்டு இருக்கா?”

“ஷேவ் பண்றப்ப உங்க கை மாறல சார். இங்க கை மாறணும்.”

அவருக்குத் தெரியாததில்லை. பித்தப்பை ஆபரேஷனில் நுணுக்கமான வேலை எல்லாம் நெஞ்சுக்குழிக்குக் கீழே இருக்கும் துளை வழியாக நடக்கும். வழக்கமான நோயாளிக்கு அந்தத் துளை நம் வலக்கைக்கு நேராக வரும். அம்சவள்ளி மாதிரி ஆளுக்கு நாம் எதிர்ப்பக்கம் போய் நிற்க வேண்டும், துளை இடக்கைக்கு வந்துவிடும். வலக்கைக்காரர் செய்ய வேண்டுமானால் கையைப் பெருக்கல் குறி மாதிரிக் குறுக்கே போட வேண்டும், இல்லாவிட்டால் வராத கையால் செய்ய வேண்டும்.

“ஓகோ. பீச்சாங்கைக்குன்னே ஒரு பேஷண்ட் பொறந்து வந்திருக்காங்கன்ற.” சிரித்தார். அவர் கெட்டவர் இல்லை. சிரித்துக்கொண்டேதான் பேசுவார். சேர்ந்த முதல் மாதம் நான் இடக்கையில் கருவியை வாங்கியபோது, கையிலிருந்த இடுக்கியால் என் விரல் முட்டியில் ஒன்று போட்டார், அப்போதும் சிரித்தார். “தியேட்டர்ல எல்லாருக்கும் ஒரே கை” என்றார். அதற்கப்புறம் தையல், முடிச்சு எல்லாம் வலக்கையில் பழகினேன். நன்றாகவே பழகினேன். ஆனால் என் கை இல்லை அது.

ஒன்றாம் வகுப்பிலேயே இது தொடங்கியது. சோறும் பீச்சாங்கையிலதான் தின்னுவியா என்று டீச்சர் கேட்டார். ஆமாம் என்றேன். அடி விழுந்தது. என் அப்பா சவுரிராயன் பெருமுக்கல் பக்கம் குவாரியில் கல் உடைப்பவர். அவரும் இடக்கைதான். சம்மட்டிக்கு எந்தக் கை என்று இதுவரை யாரும் அவரைக் கேட்டதில்லை.

“ஃபர்ஸ்ட் கிராஜுவேட் வேகம் இது,” என்றார் சார். “உங்க ஆளுங்களுக்கு எல்லாம் உடனே வேணும். நான் கைல கத்தி புடிக்க ஆறு வருஷம் ஆச்சு. புதன்கிழமை கேஸ நான் பண்றேன். ரெக்கார்டிங் போடு. சென்னை மாநாட்டுக்கு வீடியோ அனுப்பணும். நீ கேமரா.”

எங்கள் வீட்டில் யாரும் டிகிரி வாங்கவில்லை என்று நிரூபிக்க, முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு நான் தாலுகா ஆபீசுக்கு நாலு முறை நடந்தவள். உடனே எதுவும் கிடைத்ததில்லை. “சரி சார்” என்று வந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் தியேட்டர் காலியாக இருந்தது. சித்ரா சிஸ்டரைக் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் இடம் மாற்றினேன். திரை எப்போதும் நோயாளியின் வலப்பக்கமான கதவுப் பக்கம் நிற்கும், அதைச் சன்னல் பக்கம் தள்ளினோம். கருவி மேஜையை எதிர்ப்பக்கம் போட்டோம். சிஸ்டர் காலி மேஜைக்கு எதிரே நின்று கருவியை எடுத்துக் கொடுத்துப் பார்த்தார். மூன்று முறையும் பழைய பக்கமே நீட்டினார்.

“இருவது வருஷமா போற கை டாக்டர். அதுவா போவுது, நான் என்னா பண்ண?”

“அதனாலதான் ஒத்திகை. நாளைக்கி லெஃப்டு ரைட்டுன்ற வார்த்தையே வேணாம் சிஸ்டர். சன்னல் பக்கம், கதவுப் பக்கம். அவ்வளவுதான். சன்னல் எங்கியும் போவாது.”

“பெரியவரு ஒத்துக்குவாரா?”

ஒத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் சொன்னபோது, “எனக்கு லெஃப்ட் ரைட் தெரியாதுன்னு நர்ஸுங்க கிட்ட சொல்லி வச்சிருக்கியா?” என்றார். மயக்க மருந்து டாக்டர் கலைமதி மேடம் மட்டும் ஒரு துண்டு பிளாஸ்திரியில் சன்னல் என்று எழுதி ஆபரேஷன் மேஜையின் ஒரு விளிம்பிலும், கதவு என்று எழுதி மறு விளிம்பிலும் ஒட்டினார். “எனக்கே காலைல பத்து மணிக்கு மேலதான் லெஃப்ட் ரைட் வரும்” என்றார்.

வார்டில் அம்சவள்ளி கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். சொந்த நிலத்தில் மல்லாட்டைக் கடலை போடுகிற குடும்பம். புருஷன் கோகுலகிருஷ்ணன் வெளியே போனில் தண்ணீர் பாய்ச்சுகிற விஷயமாகக் கத்திக்கொண்டிருந்தார்.

“டாக்டரம்மா, எனக்கு உள்ள எல்லாத்தியும் பொரட்டிப் போட்டிருக்குன்றாங்களே, மெய்தானா?”

“மெய்தான்.”

“அப்ப நான் இந்தப் பக்கம் நோவுதுன்னு சொன்னது?”

“அதுவும் மெய்தான்.”

“கேட்டுக்கினியா!” என்று வாசலைப் பார்த்துக் கத்தினார். “மூணு வருசமா நடிக்கிறன்னு சொன்னியே, டாக்டரம்மாவக் கேளு!” புருஷன் போனை மூடிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் தண்ணீருக்குப் போனார். “உங்களுக்கு எந்த ஊரு?”

“பெருமுக்கல்.”

“நம்ம பக்கந்தான். பெருமுக்கல்ல எங்க?”

ஊர் சொன்ன பிறகு எங்க என்று கேட்டால் எந்தத் தெரு என்று அர்த்தம். எந்தத் தெரு என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் பிறந்த எல்லாருக்கும் தெரியும்.

“காலனி.”

“ம்,” என்றார். கொஞ்ச நேரம் போர்வையின் ஓரத்தை மடித்தார். அப்புறம், “நாளைக்கி யாரு பண்றது, நீங்களா?”

“பெரிய டாக்டர்.”

“நீங்க கூட இருப்பீங்களா?”

“இருப்பேன். கேமரா புடிப்பேன்.”

“போட்டோவா?”

“உள்ள பாக்கறதுக்கு.”

“தோ பாருங்க, நோவு எந்தப் பக்கம்னு கண்டுபுடிச்சது நீங்க. பாத்து எடுக்கறதுக்கு அவரா?” என்றார். ரத்த அழுத்தம் எழுதிவிட்டு வந்தேன்.

புதன்கிழமை காலை எட்டரை. அம்சவள்ளி தூங்கிவிட்டார். துளைகள் போட்டாகிவிட்டது. பாண்டுரங்கன் சார் எப்போதும் நிற்கும் சன்னல் பக்கம் போய் நின்றார். அவரே இரண்டு விநாடியில் உணர்ந்து கதவுப் பக்கம் சுற்றி வந்தார்.

“மேடம், டேபிள லெஃப்ட்ல சாய்ங்க.”

கலைமதி மேடம் பட்டனை அழுத்தினார். மேஜை சாய்ந்தது. திரையில் குடல் எல்லாம் சரிந்து வந்து கல்லீரலை மூடிக்கொண்டது. வழக்கமான ஆளுக்கு அதுதான் சரியான சாய்வு.

“சன்னல் பக்கம் தூக்கணும் மேடம்” என்றேன்.

“அப்பிடிச் சொல்லு” என்று பிளாஸ்திரியைப் பார்த்துத் தூக்கினார். குடல் விலகியது. கல்லீரல் தெரிந்தது, இடப்பக்கத்தில், ஒன்றுமே நடக்காத மாதிரி. அதற்குக் கீழே பித்தப்பை உப்பிக்கொண்டு நின்றது. எங்கும் சீழ் இல்லை, ஒட்டல் கொஞ்சம்தான். சுத்தமான வயிறு. பக்கம் மட்டும்தான் வேறு.

சார் கையைக் குறுக்கே போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். இருபத்தாறு வருட அனுபவம். நான் அவரைப் பற்றி என்ன சொன்னாலும் இதையும் சொல்ல வேண்டும். வலப்பக்கம் பித்தப்பை உள்ள ஆளுக்கு அவர் செய்வதைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. இருபது நிமிடத்தில் முடித்துவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விடுவார். அன்று இருபது நிமிடம் ஆனபோது கொழுப்பைக்கூடப் பாதி விலக்கியிருக்கவில்லை. ஒரு முழங்கை மற்ற முழங்கையில் இடித்தது. கருவியின் நுனி போக வேண்டிய இடத்துக்கு ஒரு விரல்கடை தள்ளிப் போய் நின்றது. தொப்பி விளிம்பில் வியர்வை. சித்ரா சிஸ்டர் ஒரு கையால் பித்தப்பையின் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுகையால் கருவி கொடுத்தார்.

“கேமராவ நேரா வை.”

“நேராத்தான் சார் இருக்கு.”

“எனக்கு நேரா இல்ல.”

பித்தப்பையிலிருந்து ஒரு சின்னக் குழாய் வந்து, கல்லீரலிலிருந்து குடலுக்குப் போகும் பெரிய குழாயில் சேரும். சின்னதைக் கிளிப் போட்டு வெட்ட வேண்டும். பெரியதைத் தொடக் கூடாது. தெரியாமல் பெரியதை வெட்டிவிட்டால் மஞ்சள் காமாலை, மறுபடி பெரிய ஆபரேஷன், சில பேருக்கு ஆயுசு பூராவும் ஆஸ்பத்திரி. துளை ஆபரேஷன் செய்கிற எல்லாருக்கும் இருக்கிற ஒரே பயம் அதுதான்.

திரையில் கதவுப் பக்கம் ஒரு குழாய் நீட்டிக்கொண்டு தெரிந்தது. சார் அதன் கீழே கருவியை விட்டுச் சுத்தம் செய்தார். “இதான் சின்னது. கிளிப் குடு சிஸ்டர்.”

இருபத்தாறு வருடமாக அவர் திரையில் சின்னக் குழாய் அந்தப் பக்கம்தான் வந்திருக்கிறது. கை குறுக்கே போட்டிருந்தாலும் கண் பழைய பக்கத்துக்கே போய்விட்டது. பித்தப்பையை இழுத்த இழுப்பில் பெரிய குழாய் கூடாரம் மாதிரி மேலே தூக்கிக்கொண்டு நின்றது. சின்னது சன்னல் பக்கம் கொழுப்புக்குள் இன்னும் மூடிக் கிடந்தது.

“சார், அது பெரிய குழாய்.”

“கிளிப் குடு.”

“கதவுப் பக்கம் இருக்கிறது பெருசு சார். சன்னல் பக்கம் இன்னும் தொறக்கவே இல்ல.”

“அன்புச்செல்வி, கேமராவப் புடி. வாயத் தொறக்காத.”

சிஸ்டர் கிளிப் கருவியை நீட்டினார். சரியான பக்கம் நீட்டினார். அது துளைக்குள் நுழைகிறபோது நான் கேமராவை வெளியே எடுத்துவிட்டேன்.

திரையில் முதலில் மங்கலாக ரத்தநிறம், அப்புறம் பச்சைத் துணி, அப்புறம் மேலே விளக்கு. நான் நினைத்த மாதிரியே சாரின் இரண்டு கையும் அப்படியே நின்றுவிட்டன. படம் போனால் கை அசையக் கூடாது, அது அவருக்கு ரத்தத்தில் ஊறியது. அந்தக் கையை நம்பித்தான் எடுத்தேன்.

கேமராவை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

“உள்ள விடு.”

“கிளிப்ப வெளிய எடுத்தா விடறேன் சார்.”

“நீ யாருகிட்டப் பேசற தெரியுமா?”

“தெரியும் சார்.”

“ரெண்டு பேரும் சண்டைய வெளிய போய்ப் போட்டுக்குங்க,” என்றார் கலைமதி மேடம் அந்தப் பக்கத்திலிருந்து. “அந்தம்மா தூங்கிக்கிட்டு இருக்காங்க. சார், ஒரு தடவ இன்னும் கொஞ்சம் கிளியர் பண்ணிப் பாத்துடுங்களேன். என்ன கெட்டுப்போச்சு?”

சார் கிளிப் கருவியை வெளியே இழுத்தார். நான் கேமராவைத் துடைத்து உள்ளே விட்டேன். அவர் திரையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் திட்டவில்லை.

“பண்ணு,” என்றார். “நீதான பண்ணணும்ன? பண்ணிக் கிழி.”

இடம் மாறினோம். கேமராவை அவர் வாங்கிக்கொண்டார். நான் இடக்கையில் கருவியை எடுத்தேன். யாரும் அடிக்கவில்லை.

அதற்கப்புறம் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சன்னல் பக்கம் கொழுப்பை அவிழ்த்தேன். சின்னக் குழாய் வந்தது, பக்கத்தில் ரத்தக் குழாய் வந்தது. இரண்டையும் சுற்றி வெளிச்சம் தெரிகிறவரை விலக்கினேன். பித்தப்பைக்குப் போவது இரண்டே இரண்டு, மூன்றாவது எதுவும் இல்லை என்று சத்தமாகச் சொன்னேன். அப்படிச் சொல்ல வேண்டும் என்பது சட்டம் இல்லை, நல்ல பழக்கம். கிளிப் போட்டேன், வெட்டினேன், கல்லீரலிலிருந்து பித்தப்பையை உரித்து எடுத்தேன். என் மணிக்கட்டு எங்கும் முறுக்கிக்கொள்ளவில்லை. முப்பத்தைந்து நிமிடம். அதில் ஒரு நிமிடம்கூட சார் கேமராவை ஆட்டவில்லை. நான் போக நினைக்கும் இடத்துக்கு அரை விநாடி முன்னால் படம் போய் நின்றது. இந்தக் கட்டடத்திலேயே கேமரா பிடிக்கத் தெரிந்தவர் அவர்தான் என்று நினைத்துக்கொண்டேன். கோபம் அதனால் குறையவில்லை.

கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஆபரேஷன் குறிப்பை அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். யார் ஆரம்பித்தது, எந்த இடத்தில் எது எதுவாகத் தெரிந்தது, கிளிப் எங்கே போகவிருந்தது, ஏன் நிறுத்தினோம், யார் முடித்தது, எந்தக் கையால். வசவு ஒன்றும் எழுதவில்லை. பெருக்கல் குறிக் கை இந்த ஆபரேஷனுக்கு ஆகாது என்று கடைசியில் ஒரு வரி எழுதினேன்.

வெள்ளிக்கிழமை காலை அம்சவள்ளியை வீட்டுக்கு அனுப்பினோம். டிஸ்சார்ஜ் தாளோடு ஆபரேஷன் குறிப்பின் நகலையும் சேர்த்துக் கொடுத்தேன். கேட்டால் கொடுக்க வேண்டியது, அவர் கேட்பதற்கு முன்னாலேயே கொடுத்தேன். அதோடு ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி லேமினேட் போட்டும் கொடுத்தேன். இவருக்கு உறுப்புகள் பக்கம் மாறி உள்ளன. இதயம் வலப்பக்கம். எக்ஸ்-ரேயைத் திருத்த வேண்டாம்.

“இத கழுத்துல மாட்டிக்கினு திரியணுமா?”

“பையில வச்சிக்குங்க. எந்த டாக்டர்கிட்ட போனாலும் முதல்ல காட்டுங்க.”

தியேட்டரில் நடந்ததை அவருக்குச் சொன்னேன். பெரிய டாக்டர் தப்பான குழாயில் கிளிப் போடப் போனார், நிறுத்தினோம், பாதிக்கு மேல் நான் செய்தேன் என்று. வாயைத் திறந்தபடி கேட்டார். வயிற்றில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டார்.

“அது இப்ப முழுசா இருக்குதில்ல?”

“இருக்கு.”

“அப்ப சரி. ஆனா ஏன் சொல்றீங்க? சொல்லலன்னா எனக்கு எங்க தெரியப்போவுது?”

“அதுக்குத்தான் சொல்றேன்.”

கோகுலகிருஷ்ணன் அட்டையை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டு மனைவியைப் பார்த்தார். “எல்லாமே தலகீழா இருக்கும்னு கல்யாணத்தன்னிக்கே எனக்குத் தெரியும்” என்றார். “ஜல்தி வாயா, பஸ்ஸு போயிடப் போவுது” என்று அம்சவள்ளி அவரை இடித்துக்கொண்டு நடந்தார்.

மத்தியானம் பாண்டுரங்கன் சார் கூப்பிடுவார் என்று தெரியும். அதற்கு முன் ஒரு போன் பேச வேண்டியிருந்தது. திண்டிவனத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோம், பன்னிரண்டு கட்டில். நடத்துகிற டாக்டர் தென்னரசு இரண்டு மாதமாக சர்ஜன் தேடிக்கொண்டிருந்தார். மெஷின் பழசு, திரை சில நேரம் பச்சையாகிவிடும் என்று முன்பே சொல்லியிருந்தார். “கேமரா புடிக்க ஆளு இல்லம்மா. நீதான் ஒரு சிஸ்டருக்கு சொல்லிக் குடுத்துக்கணும்” என்றார். இடக்கை என்று சொன்னேன். “அதனால என்ன, மேஜைய அந்தப் பக்கம் போட்டுக்குவோம்” என்றார். வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

பிறகுதான் சார் அறைக்குப் போனேன். மேஜையில் என் குறிப்பு இருந்தது.

“உக்காரு.”

உட்கார்ந்தேன். இரண்டு வருடத்தில் முதல் தடவை.

“நல்லாப் பண்ணின,” என்றார். நிஜமாகத்தான் சொன்னார். “நான் அத இல்லன்னு சொல்லப் போறதில்ல. செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் லிஸ்ட உனக்குக் குடுக்கலாம்னு இருக்கேன். முழுசா. நீதான் சர்ஜன். புது மெஷின்ல. நான் உள்ளயே வர மாட்டேன்.”

புது மெஷினில் ரத்தக் குழாய் துடிப்பது தனியாகத் தெரியும். வாரத்துக்கு நாலு கேஸ், ஐந்து கேஸ். இரண்டு வருடமாக வேறு எதையும் நான் நினைக்கவில்லை.

“இத மட்டும் மாத்தி எழுது.” குறிப்பை என் பக்கம் தள்ளினார். “சர்ஜன் பாண்டுரங்கன், அசிஸ்டன்ட் நீ. கை குறுக்க போட்டுப் பண்ணலாம், ஒண்ணும் சிக்கல் இல்லன்னுதான் மாநாட்டுல காட்டப் போறேன். நடுவுல அஞ்சு நிமிஷ வீடியோவ வெட்டிட்டா போதும்.”

“அதப் பாத்துட்டு வேற யாராவது அப்படிப் பண்ணுவாங்களே சார்.”

“அவங்க பக்கத்துல ஒரு அன்புச்செல்வி இருப்பா.” சிரித்தார்.

“செவ்வாய்க்கிழமை லிஸ்ட்ல எந்தக் கையால பண்ணலாம் சார்?”

அவர் யோசிக்கவே இல்லை. “ரைட் ஹேண்ட்தான். அம்சவள்ளி மாதிரி ஆளு வந்தா உன் இஷ்டம். மத்தவங்களுக்கெல்லாம் எல்லாரும் பண்ற மாதிரி. தியேட்டர்னா ஒரு முறை இருக்கில்ல?”

அம்சவள்ளி மாதிரி ஆள் இந்த ஜென்மத்தில் இன்னொரு முறை வருவாரா என்று தெரியாது.

“இதோட நகல் பேஷண்ட் கைல போயிடுச்சு சார். காலைலயே.”

சிரிப்பு நின்றது. “யாரு குடுக்கச் சொன்னா?”

“யாரும் சொல்லல.”

“ஃபோன் பண்ணி வாங்கு. தப்பான தாள் வந்துடுச்சுன்னு சொல்லு.”

“மாட்டேன் சார்.”

“அன்புச்செல்வி, எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட்ல கையெழுத்து நான் போடணும். அது தெரியுமில்ல?”

“தெரியும். போடலன்னா போடலன்னு எழுதிக் குடுங்க சார். அதையும் வாங்கிக்கறேன்.”

எழுந்தேன். நாற்காலியை உள்ளே தள்ளினேன். அவர் இன்னும் ஏதோ சொன்னார், என் பெயரை இரண்டு முறை சொன்னார். கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன். அடித்துச் சாத்தவில்லை.

வராந்தாவில் சித்ரா சிஸ்டர் நாளைய லிஸ்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

“டாக்டர், காலைல ரெண்டு குடலிறக்கம் இருக்கு. ஏழரைக்கி வந்துடுங்க. கேமரா நீங்கதான?”

“வேற ஆளு பாத்துக்குங்க சிஸ்டர்.”

“லீவா?”

“இல்ல.”

அவர் லிஸ்டைத் தாழ்த்திக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். லிஃப்ட் மூன்றாவது மாடியில் நின்றுகொண்டிருந்தது. காத்திருக்கவில்லை, படியில் இறங்கினேன்.